தண்டுவடக் காயமும் தாவரச் சத்துக்களும்

பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிக் குடியானவர்களுக்குக் கை கால் முறிந்தால் எங்கே போவது என்று ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆந்திர தேசத்துப் புத்தூருக்கு அருகே ராஜு குடும்பத்தார் பல தலைமுறைகளாகப் போட்டுவரும் ‘புத்தூர்க் கட்டு’ தென்னாடெங்கும் பெயர்பெற்றது. பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு, மூங்கிற் பத்தை, துணி ஆகிய இவையே அதன் சாமான்கள். பொதட்டூர்ப்பேட்டையும் 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்திருந்து, 1960 ஏப்ரல் முதல் தேதியில் தமிழ்நாட்டுக்கு வந்த ஊரேயாம். எல்லைக்கோடு மாறியதால் வைத்தியம் மாறிவிடவில்லை. நெசவாளராயினும் கரும்பு, வேர்க்கடலை சாகுபடி செய்பவராயினும், எலும்பு முறிவென்றால் மனம் முதலில் பச்சிலையையே நாடுகிறது.

இவ்வழக்கத்தை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் மாமரத்திலிருந்தோ புளியமரத்திலிருந்தோ விழுந்தவன், கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணற்றில் தவறியவன், டிராக்டர் கவிழ்ந்து அடியிற் சிக்கியவன், தலையில் மூட்டையோடு இடறி விழுந்தவன் ஆகிய இவர்களுட் சிலருக்கு முறிவது கையெலும்பன்று, முதுகெலும்பு. அதனுள்ளே ஓடும் தண்டுவடமும் நசுங்குகிறது. அப்போது பச்சிலை என்ன செய்யும்? மஞ்சளிலும் அமுக்கராவிலும் தண்டுவடத்தைக் குணப்படுத்தும் சத்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிச் சூரணம் விற்பவர்களும், அதே பேச்சைக் காட்டி மருந்துப் பயிர் நடும்படி குடியானவர்களைத் தூண்டுபவர்களும் உண்டு. இவ்விரு வார்த்தைகளிலும் மெய் எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு

முறிந்த எலும்பு தானே கூடும் இயல்புடையது. முனைகளை நேர்ப்படுத்தி அசையாமல் வைத்திருந்தால் சில வாரங்களில் புது எலும்பு ஊறி இணைத்துவிடும். கட்டுப் போடுபவர் செய்யும் பெரிய உபகாரம் அந்த அசையாமையே. பச்சிலைக்கும் அதில் ஓரளவு பங்கு இருக்கலாம். நம் வேலிகளில் படரும் பிரண்டையை எலும்பு முறிந்த பிராணிகளுக்குக் கொடுத்து, முறிவு விரைவாகக் கூடுவதைக் காசி இந்து சர்வகலாசாலையில் உடுப்பா, பிரசாத் என்போர் 1960-களிலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகவே நம் முன்னோர் அநுபவம் வெறுங்கதையன்று.

தண்டுவடத்தின் கதி அப்படியன்று. அது மூளையின் தொடர்ச்சியாகக் கழுத்திலிருந்து இடுப்பின் மேற்பகுதி வரை முதுகெலும்புக் குழாய்க்குள் இறங்கும் ஒரு மெல்லிய வடம். வளர்ந்த மனிதனுக்கு அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பருமன் சுண்டுவிரல் அளவு. கை கால்களை அசைக்கும் கட்டளையும், தோலின் உணர்ச்சியும், மலஜலத்தை அடக்கும் ஆற்றலும் இதன் வழியாகவே போய் வருகின்றன. இது நசுங்கினால் நசுங்கிய இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் குன்றுகின்றன, அல்லது அறவே இல்லாமற் போகின்றன. கழுத்தின் மேற்பகுதியில் நசுங்கினால் சுவாசமே நின்றுவிடக்கூடும்.

காயம் இரண்டு கட்டமாக நிகழ்கிறது என்பதைக் குடியானவர் எளிதில் அறிவர். ஏரிக்கரை ஓரிடத்தில் உடைகிறது. அது முதற் சேதம். பிறகு வெள்ளம் உடைப்பின் ஓரங்களை அரித்து அகலமாக்குகிறது. கீழேயுள்ள கழனிகளையும் பாழாக்குகிறது. அது இரண்டாவது சேதம். தண்டுவடத்திலும் அடிபட்ட அக்ஷணமே சில நரம்பணுக்கள் அழிகின்றன. அதன்பின் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் இரத்தக் கசிவு, வீக்கம், இரத்தவோட்டக் குறைவு, அழற்சி, நரம்பணுக்களிலிருந்து அளவுக்கு மீறிக் கசியும் இரசாயனங்களின் நச்சுத்தன்மை ஆகிய இவை சேர்ந்து, தப்பியிருந்த அணுக்களையும் கெடுக்கின்றன. வாரங்கள் சென்றபின் அவ்விடத்தில் ஒரு வடு உண்டாகி, நரம்பிழைகள் மீண்டும் அவ்வழியே வளர்வதைத் தடுக்கிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பிழை ஒருபோதும் வளராது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1981-இல் கனடாவில் டேவிட், அகுவாயோ என்னும் இருவர் காலின் நரம்புத் துண்டு ஒன்றை எலியின் தண்டுவடத்தோடு ஒட்டிவைத்து, அதன் வழியாகத் தண்டுவட இழைகள் நெடுந்தூரம் வளர்ந்துவருவதைக் காட்டினர். வளரும் சக்தி இழைக்கு உண்டு. சுற்றுப்புறமே அதற்கு இடங்கொடுப்பதில்லை என்பது அதனால் விளங்கிற்று. அன்றுமுதல் அந்தச் சுற்றுப்புறத்தைத் திருத்தும் மருந்துகளைத் தேடுவதில் தாவரங்களின் மேலும் ஆராய்ச்சியாளர் கண் விழுந்தது.

தாவரங்களில் கண்டவை

முதலில் மஞ்சள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் சத்து 1815-இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இரசாயன அமைப்பு 1910-இல் அறியப்பட்டது. உலர்ந்த மஞ்சளில் இரகத்தையும் நிலத்தையும் பொறுத்து நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை இருக்கிறது. அழற்சியைத் தணிப்பது இதன் முக்கிய குணம். தண்டுவடத்தில் காயம் உண்டாக்கிய எலிகளுக்கு இதைச் செலுத்தியபோது வீக்கமும் அணுச் சேதமும் குறைந்து, பின்னங்கால்களின் அசைவு ஓரளவு மேம்பட்டதாகப் பல தேசத்து ஆய்வுக்கூடங்கள் வெளியிட்டுள்ளன. முன்சொன்ன உவமையில் உடைப்பை அகலவிடாமல் தடுக்கும் மணல் மூட்டை போன்றது இது.

அடுத்தது அமுக்கரா. இதன் வேரில் உள்ள வித்தனோசைடு-4 என்னும் பொருளை ஜப்பானில் டொயாமா சர்வகலாசாலையைச் சேர்ந்த நகயாமா, தோதா என்போர் தண்டுவடம் காயமுற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்து, நரம்பிழைகள் வளர்வதையும் பின்னங்கால்களின் இயக்கம் சீர்படுவதையும் கண்டு 2007-இல் வெளியிட்டனர். மஞ்சளைப் போல் சேதத்தைத் தடுப்பது மட்டுமன்றி, அறுந்த இழையை வளரத் தூண்டுவதாலேயே இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

சேலம் ஜில்லாவில் ஒப்பந்தத்தின் பேரில் சாகுபடியாகும் மருந்துக் கூர்க்கனும் இவ்வரிசையில் வருகிறது. அதன் கிழங்கிலுள்ள ஃபோர்ஸ்கோலின் 1970-களில் நம் தேசத்திலேயே, லக்னோவிலும் பம்பாயிலும் நடந்த ஆராய்ச்சிகளின் பலனாக வெளிவந்தது. இது உயிரணுக்களுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளை அதிகப்படுத்துகிறது. அப்பொருள் மிகுந்தால் நரம்பணுக்கள் தடைகளை மீறி இழைவிடும் என்று தனித்த ஆராய்ச்சிகள் காட்டியதால், நரம்பு ஆய்வுக்கூடங்களில் ஃபோர்ஸ்கோலின் ஒரு சாதாரணக் கருவியாகிவிட்டது. கருவி என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். மருந்து என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. கூர்க்கன் கிழங்குக்குச் சந்தை உண்டாக்கியது பெரும்பாலும் உடல் மெலிவதற்கென்று அயல்நாடுகளில் விற்கப்படும் மாத்திரைகளே, நரம்பு வைத்தியமன்று.

யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்து, புற்றுநோய்க்கு வழங்கப்படும் டாக்ஸால் என்னும் மருந்தை மிகச் சிறிய அளவில் எலிகளின் காயமுற்ற தண்டுவடத்தில் செலுத்தியபோது வடு குறைந்து இழைகள் வளர்ந்தன என்று 2011-இல் ஜெர்மனியில் பிராட்கே என்பவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. வல்லாரை, பச்சைத் தேயிலை, திராட்சைத் தோல் ஆகியவற்றின் சத்துக்களைப் பற்றியும் இதைப் போன்ற எலிப் பரீக்ஷைகள் அநேகம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விவரித்தால் பத்திரிகை நிறையுமேயன்றி, வாசகர் புதிதாய் அறிவது ஒன்றுமில்லை.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம்

இத்தனை சத்துக்கள் எலிக்கு உதவியும், அவற்றுள் ஒன்றேனும் மனிதனின் தண்டுவடத்தைக் குணப்படுத்தும் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. ஏன்?

எலியின் தண்டுவடம் சிறிது. அதன் நடையில் பெரும்பங்கு தண்டுவடமே நடத்துவது. அரைகுறையாய் நசுங்கினால் மருந்தில்லாமலும் அது ஓரளவு தேறும். மனிதனுக்கு அப்படியில்லை. மேலும் ஆய்வுக்கூடத்தில் காயம் உண்டாக்கிய சில நிமிஷங்களிலோ மணிகளிலோ மருந்தைச் செலுத்திவிடலாம். மரத்திலிருந்து விழுந்தவன் மருத்துவரை அடையவே பல மணி நேரமாகிவிடும். எல்லா எலிகளுக்கும் ஒரே இடத்தில் ஒரே அளவாகக் காயம் உண்டாக்குவார்கள்; மனிதரில் இருவர் காயம் ஒன்றாயிருப்பதில்லை.

அளவும் ஒரு பெரிய விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராம் குர்க்குமின் செலுத்தியதாக வைத்துக்கொள்வோம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஏறக்குறைய 6-ஆல் வகுப்பது மருந்தியல் வழக்கம். அப்படியானால் 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு 1 கிராம் தூய குர்க்குமின் வேண்டும். நூற்றுக்கு 3 பங்கு சத்துள்ள மஞ்சளானால் 33 கிராம் தூள், அதாவது மூன்று தோலாவுக்குச் சற்றுக் குறைவாக, நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். இதுவும் உண்டதெல்லாம் இரத்தத்தில் சேருமானால்தான். குர்க்குமினோ நீரில் கரையாது. குடலில் மிகச் சொற்பமே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. எலிக்கு ஊசியால் செலுத்தியதன் பலனைக் குழம்பில் இட்ட மஞ்சளிடம் எதிர்பார்ப்பது, கால்வாயில் விட்ட தண்ணீர் முழுவதும் கடைமடைக்கு வந்துசேரும் என்று நினைப்பதற்கு ஒப்பாகும். இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட்டு கலக்கப்படுவதை 2019-இல் வங்காள தேசத்தில் நடந்த ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. ஈயம் நரம்பைக் கெடுக்கும் விஷம். பளபளக்கும் மஞ்சளை அளவுமீறி உண்பவன் நரம்புக்கு மருந்தென்று எதை உண்கிறான் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

மனிதர்களிடம் செய்த பரீக்ஷையே இல்லையா என்று கேட்கலாம். கனடாவில் நெடுநாட்களுக்கு முன் தண்டுவடம் காயமுற்ற 20 பேரைக்கொண்டு, மஞ்சட் சத்து முதலியவை சேர்ந்த அழற்சி தணிக்கும் ஆகாரத்தை 12 வாரம் ஒரு பகுதியினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் அதன் முடிவு வெளியாயிற்று. நரம்பு வலியில் ஒரு பகுதி குறைந்தது. நல்ல செய்தியே. ஆனால் ஆகாரம் முழுவதும் மாற்றப்பட்டதால் பலன் மஞ்சளால் வந்ததென்று பிரித்துச் சொல்ல இயலாது. எழுந்து நடக்கச் செய்வது அப்பரீக்ஷையின் நோக்கமும் அன்று.

பெரிய பரீக்ஷை எப்படி முடியும் என்பதற்கு ஒரு தாவரக் கதையே சாக்ஷி. மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலுள்ள டயாஸ்ஜெனினையும், சோயா எண்ணெயிலுள்ள ஸ்டிக்மாஸ்டிராலையும் மூலமாகக் கொண்டு சென்ற நூற்றாண்டின் மத்தியில் ஸ்டிராய்டு மருந்துத் தொழில் பெருகிற்று. கழனியில் விளைந்த பண்டத்தால் வளர்ந்த அம்மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது மெதில்பிரெட்னிசொலோன். அடிபட்ட 8 மணிக்குள் இதைப் பெருமளவில் நரம்பில் ஏற்றினால் தண்டுவடம் சிறிது தேறுகிறது என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த பரீக்ஷை 1990-இல் அறிவித்தது. உலகமெங்கும் அது வழக்கமாயிற்று. பிறகு கணக்கை மறுபடி ஆராய்ந்தவர்கள் பலன் சந்தேகமென்றும், தொற்று, இரத்தக்கசிவு முதலிய கேடுகள் நிச்சயமென்றும் கண்டார்கள். 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி அதைக் கொடுக்கவேண்டாமென்றே சொல்லிவிட்டது. முழு வலிவோடு பரீக்ஷிக்கப்பட்ட மருந்தின் கதி இது. பரீக்ஷையே இல்லாத சூரணத்தின் மேல் ஒரு குடும்பத்தின் நிலத்தை விற்ற பணத்தை வைப்பது எவ்வளவு பெரிய சூது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முதல் நாளில் செய்யவேண்டியது

மூலிகையைப் பற்றிய கட்டுரையில் இப்பகுதி எதற்கு என்று எண்ணவேண்டாம். பச்சிலையால் நேரும் பெரிய தீங்கு விஷத்தாலன்று, காலதாமதத்தால் நேர்வது. தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை அறுவையால் 24 மணி நேரத்துக்குள் நீக்குவது பலருக்கு அனுகூலமாகக் காணப்பட்டிருக்கிறது. வெள்ளம் உடைப்பை அகலமாக்குவதற்கு முன் அணைபோடும் காலம் அதுவே. அந்த ஒரு நாளைக் கட்டுப் போடுவதிலும் எண்ணெய் தேய்ப்பதிலும் கழித்துவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அறுவை மருத்துவர் செய்யக்கூடியது குறைந்துபோகிறது.

உயரத்திலிருந்து விழுந்தவன் கழுத்திலோ முதுகிலோ வலி என்றாலும், கால் மரத்துவிட்டது என்றாலும், விரலை அசைக்க முடியவில்லை என்றாலும், தண்டுவடக் காயம் என்றே கொள்ளவேண்டும். தீ, நீர், விஷ வாயு முதலிய உடனடி அபாயம் இல்லாவிட்டால் அவனைக் கிடந்த இடத்திலேயே விட்டு, 108-க்குச் சொல்லி அனுப்புக. எழுப்பி உட்காரவைத்தல், தண்ணீர் புகட்டுதல், சுளுக்கென்று இழுத்துவிடுதல் கூடாது. ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமற் பிடித்துக்கொள்ளவேண்டும். நகர்த்தியே தீரவேண்டுமானால் நால்வர் ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில், தலை, கழுத்து, முதுகு, இடுப்பு ஒரு கோட்டில் இருக்கும்படி மரத்தண்டை உருட்டுவதுபோல் ஒருக்களித்து, அடியில் கதவுப் பலகையையோ அகலமான பெஞ்சையோ செருகிக் கிடத்தவேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் உதவாது. மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவது மிகக் கொடியது. கால்கள் ஓரளவு அசைந்தவன் வழியிலேயே முற்றும் மரத்துப்போக அதுவே போதும்.

வீட்டுக்கு வந்தபின் நேரும் தவறு இன்னொன்று. மரத்த காலுக்கு ‘உறுத்தல் வரட்டும்’ என்று நொச்சி, எருக்கு இலைகளை வதக்கிச் சூடாக ஒத்தடம் கொடுப்பார்கள். செங்கல்லைச் சுட்டு வைப்பாரும் உண்டு. உணர்ச்சியில்லாத தோலுக்குச் சூடு தெரியாது, நோயாளி அலறமாட்டான், தோல் வெந்து புண்ணான பிறகே வெளியில் தெரியும். இறுக்கிக் கட்டிய பச்சிலைக் கட்டும் மரத்த காலில் இவ்வாறே புண் உண்டாக்கும். ஒரே பக்கமாகக் கிடப்பதால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதே அதற்கு மருந்து. தண்டுவடக் காயமுற்றவர்களைப் பெரும்பாலும் கொன்றுவந்தவை இப்புண்களும், மூத்திரப் பையில் பற்றும் தொற்றுமே. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்பவர் 1944 முதல் இவ்விரண்டையும் தடுக்கும் முறைகளை ஒழுங்காகச் செய்துகாட்டிய பிறகே, இவர்கள் நெடுங்காலம் வாழ்வார்கள் என்ற நம்பிக்கை பிறந்தது.

நமக்கு வெகு அருகில், வேலூரிலேயே, இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அங்குள்ள கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் 1954-இல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் காயமுற்று இடுப்புக்குக் கீழே செயலற்றவரானார். எந்த மூலிகையும் எந்த மாத்திரையும் அவருடைய கால்களைத் திருப்பித் தரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார்; பின்பு அயல்நாடுகளில் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையத்தை நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மரத்திலிருந்து விழுந்த கிராமத்தார் பலர் சக்கர நாற்காலியில் வீடு திரும்பித் தொழில் செய்ய அந்நிலையம் பயிற்சி அளித்துவருகிறது. தறியில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் நிறைந்த பொதட்டூர்ப்பேட்டை போன்ற ஊரில் பாவு சுற்றுதல், கணக்கு எழுதுதல் முதலியவற்றை இத்தகையோருக்கு ஒதுக்குவது கஷ்டமான காரியமன்று.

மெய்யாகவே உபயோகத்திலுள்ள தாவரங்கள்

தண்டுவடத்தைக் கூட்டும் பச்சிலை இல்லையென்றால், இந்நோயாளிகளுக்குத் தாவரத்தால் பயனே இல்லையா? உண்டு. அது பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை.

தண்டுவடம் காயமுற்றவருக்குக் குடலின் இயக்கமும் கட்டுப்பாடும் கெடுகின்றன. மலம் கட்டிக்கொள்வது, அடக்கமின்றி வெளிவருவது என்னும் இரண்டும் அவரை வெளியே தலைகாட்ட விடாமல் வீட்டிலேயே அடைத்துவிடும். கால் மரத்ததைவிட இதுவே தாங்கமுடியாதது என்று சொல்பவர் பலர். இதற்கு உலகத்து ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக வழங்கும் மருந்துகளில் ஒன்று நிலாவாரை இலை. இதிலுள்ள சென்னோசைடு என்னும் சத்து பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்கிருமிகளால் மாறுதலடைந்து, குடலைச் சுருங்கத் தூண்டுகிறது. உட்கொண்ட 6 முதல் 12 மணிக்குள் பலன் தெரியும். ஆகவே இரவில் கொடுத்தால் காலையில் குறித்த நேரத்துக்கு மலம் கழிக்கும்படி பழக்கலாம். குறித்த நேரம் என்பதே முக்கியம். அது கைவந்தால் அவர் கடைக்கும் வேலைக்கும் போகலாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும்; காயம் முதுகின் மேலா கீழா என்பதையும் பொறுத்தது; ஆகையால் மருத்துவர் சொன்னபடியே கொடுக்கவேண்டும். குஜராத்தில் விளையும் இசப்கோல் விதையின் உமியும் மலத்தை இளக்கி உருவாக்க உதவுகிறது. போதிய தண்ணீர் குடிக்காதவருக்கு அதுவே அடைப்பாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

நிலாவாரை நம் நாட்டுப் பயிர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ‘திருநெல்வேலிச் சென்னா’ என்ற பெயரிலேயே அது உலகச் சந்தையில் வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டு முதல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் புன்செய்களில் பயிராகித் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கப்பலேறிவருகிறது. நீர் தேங்காத செம்மண்ணும் மணற்சாரி நிலமும் இதற்கு ஏற்றவை, வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். இலை நீலங்கலந்த பச்சையாகத் தடித்திருக்கும்போது பறித்து, நிழலில் மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி புரட்டி உலர்த்தவேண்டும். வெயிலில் கருகியதும், ஈரத்தோடு குவித்துப் பூசணம் பிடித்ததும் விலை போகா. நன்றாக உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பங்கு சென்னோசைடு இருக்கும்; வாங்குபவர் கணக்கிடுவது அதையே.

மிளகாயும் ஒன்று சொல்லத்தக்கது. தண்டுவடக் காயமுற்றவர் பலரைத் தீயாய் எரியும் நரம்பு வலி வருத்தும். உணர்ச்சியற்ற காலிலேயே எரிச்சல் தோன்றுவதும் உண்டு. மிளகாயின் காரச்சத்தாகிய காப்சைசின் நரம்பு முனையிலுள்ள ஒரு வாயிலைத் திறந்து எரிச்சல் உண்டாக்குகிறது. அதிக அளவில் பட்டால் அம்முனைகள் ஓய்ந்து நெடுநாள் வலியை உணராமலிருக்கும். அவ்வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நூற்றுக்கு 8 பங்கு காப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டை வேறுவகை நரம்பு வலிகளுக்கு அமெரிக்காவில் 2009 முதல் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் முன்னிலையில் ஒட்டவேண்டியது அது. வீட்டு மிளகாய்த் தூளை அரைத்துப் பற்றுப் போட்டால் மரத்த தோல் வெந்து, முன்சொன்ன புண்ணே வந்துசேரும்.

மருந்துப் பயிர் சாகுபடி செய்ய எண்ணுவோருக்கு

தண்டுவட மருந்துக்குத் தேவை என்று சொல்லி அமுக்கரா, கூர்க்கன், உயர்ந்த குர்க்குமின் உள்ள மஞ்சள் முதலியவற்றை நடச்சொல்லி ஒருவர் வந்தால், அவரிடம் சில கேள்விகள் கேட்டே ஆகவேண்டும். இந்தச் சரக்கை வாங்கும் தொழிற்சாலை எது, சென்ற ஆண்டு எவ்வளவு வாங்கிற்று? விலை சத்தின் அளவுக்கா, எடைக்கா? சத்தைப் பரிசோதிப்பது யார், குடியானவர் தரப்பில் மறு பரிசோதனைக்கு வழி உண்டா? சரக்கை எடுக்காவிட்டால் நஷ்டம் யாருடையது? விதைக்கும் நாற்றுக்கும் முன்பணம் கேட்கிறாரா? இவற்றுக்கு விடை எழுத்தில் வராவிட்டால் ஒரு சென்டு நிலமும் ஒதுக்கவேண்டாம்.

அமுக்கராவுக்கும் மஞ்சளுக்கும் வேறு பல உபயோகங்களால் மெய்யான சந்தை உண்டு. அச்சந்தையின் விலையைப் பார்த்து நடுவதில் தவறில்லை. எலியின் காலைப் பார்த்து நடுவதுதான் கூடாது. திருத்தணிப் பகுதியின் வேர்க்கடலை நிலத்தில் நிலாவாரையைப் பரீக்ஷித்துப் பார்க்க விரும்புவோர் முதலாண்டு கால் ஏக்கருக்கு மேற்போகாமல், நீர் வடியும் மேட்டுப் பாத்தியில் விதைத்து, உலர்ந்த இலையில் ஒரு கிலோவைச் சத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் அறிக்கை கைக்கு வந்தபின் மறு ஆண்டு விஸ்தீரணத்தைத் தீர்மானித்துக்கொள்ளலாம்.